அம்மன் சொன்ன கேமராவும் நான் கேட்ட கேமராவும்

இதை எழுத உட்கார்ந்து, நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துபோனது ஐந்து தடவையோ ஆறு தடவையோ நினைவில்லை. ஆறு வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். சோம்பல் இல்லை, பயம். ஒரு மனுஷனை ஏமாற்றியிருந்தால் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு வாய் காபியும் குடித்துவிட்டு வரலாம். நான் ஏமாற்றப் பார்த்தது எங்கள் ஊர் மாரியம்மனை. (அவள் ஏமாறவில்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நன்னிலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நஞ்சை, இரண்டு மாடு, காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் காபி. எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். கோபுரத்தின் உச்சிக்குப் புதுக் கலசம் என் அக்காவின் உபயம். சரோஜா அக்கா சிங்கப்பூரில் மகன் செந்தில் வீட்டில் இருக்கிறாள். அத்தான் காலமாகி அப்போது ஒன்றரை வருஷம். கலசத்தின் அடியில் அத்தான் பெயரைப் பொறித்திருந்தார்கள். அக்கா வருவதாகத்தான் இருந்தது, டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. அதற்குள் முழங்காலில் ஆபரேஷன் செய்ய வேண்டியதாகி, பிளேனில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அக்கா போனில் அழவில்லை. நிதானமாகத்தான் பேசினாள்.

"தம்பி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அத்தான் பேரு போட்ட கலசத்துல தண்ணி விழும்ல, அந்த நேரத்த மட்டும் புடிச்சு அனுப்பு. நான் அதப் பாக்கணும்."

என்னிடம் அக்கா அதுவரை எதையும் கேட்டதில்லை. எனக்குச் செய்துதான் அவளுக்குப் பழக்கம். அதனால் அந்த ஒரு படம் எனக்கு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது.

என் போனில் படம் எடுத்தால் எல்லோரும் புகைக்குள் நிற்கிற மாதிரி வருவார்கள். செந்திலுக்கு அது தெரியும். அங்கிருந்து ஊருக்கு வருகிற ஒருவரிடம் கேமரா ஒன்று கொடுத்தனுப்புவதாகச் சொன்னான். இரண்டு கேமராவின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டான்.

"மாமா, சின்னது முரட்டுச் சாமான். கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது, தண்ணிக்குள்ள முக்கி எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. பட்டன அமுக்கினா போதும். பெருசு மிரர்லெஸ்ஸு. படம் இன்னும் நல்லா வரும், லென்ஸக் கழட்டி மாட்டலாம். ஆனா கொஞ்சம் பழகணும், தண்ணி படக்கூடாது. உங்களுக்கு எது சௌரியம்?"

மிரர்லெஸ் என்றால் உள்ளே கண்ணாடி இல்லாததாம். கண்ணாடி இல்லாததற்கு எதற்கு விலை அதிகம் என்று கேட்டேன். செந்தில் சிரித்துவிட்டு, எனக்குச் சின்னதுதான் ஒத்துவரும் என்று மரியாதையாகச் சொன்னான்.

"கோயில்லதானடா படம் புடிக்கப்போறேன், கொளத்துலயா குதிக்கப்போறேன்? தண்ணிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

(குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதால்தான் கும்பாபிஷேகத்துக்குக் குடமுழுக்கு என்றே பெயர். அதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. இதைச் சொன்னபோது நான் முழங்கால் ஆழ நடவு வயலில் நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

உண்மை என்னவென்றால், எனக்குப் பெரியதன் மேல் ஆசை. கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பனாரையே ஒதுங்கி நிற்கச் சொல்கிற அதிகாரம், கழுத்தில் பெரிய கேமரா தொங்குகிறவனுக்குத்தான் உண்டு. சின்னது ஆரஞ்சு நிறத்தில் சோப்பு டப்பா மாதிரி இருந்தது. சோப்பு டப்பாவோடு கோபுரத்தில் ஏறுகிறவனுக்கு எவன் வழிவிடுவான்?

ஆனால் ஆசைப்படுகிறேன் என்று வெளியே சொல்ல வெட்கம். அதனால், "அம்மன்கிட்டயே கேட்டுருவோம்" என்று வளர்மதியிடம் சொன்னேன். வளர்மதி என் வீட்டுக்காரி. எங்கள் பக்கம் பெண் பார்ப்பது, போர் போடுவது எதுவானாலும் மனசு இரண்டு பட்டால் சாமி முன்னால் பூப் போட்டுப் பார்ப்போம். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலமாக மடித்துக் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வருவது உத்தரவு. கேமராவுக்குப் பூப் போட்டவன் மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாள்காட்டித் தாளைக் கிழித்து, செவ்வரளியை ஒன்றிலும் நந்தியாவட்டையை ஒன்றிலும் மடித்தேன். சிவப்பு வந்தால் சின்னது, வெள்ளை வந்தால் பெரியது. சத்தமாகவே சொல்லிவிட்டுச் சந்நிதியில் போட்டேன். வளர்மதி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். செவ்வரளி.

"நீ சரியாக் குலுக்கல" என்றேன்.

"குலுக்குனது நீங்க" என்றாள்.

மறுபடியும் மடித்து, மறுபடியும் குலுக்கிப் போட்டேன். மறுபடியும் செவ்வரளி.

வளர்மதி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். "ஏங்க, நீங்க கேக்குறது உத்தரவா, கையெழுத்தா?" என்று கேட்டுவிட்டுப் பிரகாரம் சுற்றப் போனாள்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மூன்றாவது தடவை போட்டு நானே எடுத்தேன். நந்தியாவட்டை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று செந்திலுக்குச் செய்தி அனுப்பினேன்: "அம்மன் உத்தரவு கிடைத்தது. பெரியது." அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனாலும் அம்மன் முகத்தைப் பார்க்காமல்தான் வெளியே வந்தேன்.

கேமரா வந்தது. ஒரு வாரம் மாட்டை எடுத்தேன், வைக்கோல்போரை எடுத்தேன், வளர்மதி அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு விரட்டுகிற வரைக்கும் அவளை எடுத்தேன். கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் எங்கள் இருவரையும் சேர்த்து எடுக்க ஆசை. அதற்கு டைமர் என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்தால் நாம் ஓடிப்போய் நிற்கப் பத்து எண்ணும் நேரம் கொடுக்கும் என்று செந்தில் வீடியோவில் சொல்லிக்கொடுத்தான். கேமராவின் முன்பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கி நாங்கள் ஜோடியாகப் படத்தில் விழுந்தோம். நல்ல படம். டைமரை வைக்கச் சொல்லிக்கொடுத்த செந்தில், அதை எடுத்துவிடவும் சொல்லிக்கொடுத்தான். எடுத்துவிட மறந்தது நான்.

மறுநாள் குளித்து, வேட்டியைப் பஞ்சகச்சமாகக் கட்டிக்கொண்டு, வெற்று மார்பில் விபூதியும் கேமராவுமாகப் போனேன். நான் நினைத்தது அப்படியே நடந்தது. "போட்டோகிராபர் வர்றாரு, வழிய விடுங்க" என்று யாரோ சொல்ல, கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. என்னோடு வாய்க்கால் தகராறில் நாலு வருஷம் பேசாமல் இருந்த பங்காளிகூட ஒதுங்கி நின்றார். சவுக்குக் கம்பில் கட்டிய சாரத்தில் ஏறும்போது மஹாராஜா யானை மேல் ஏறுகிற நினைப்பு எனக்கு.

போனை வளர்மதியிடம் கொடுத்திருந்தேன். அக்காவை வீடியோவில் கூப்பிட்டுக் கீழேயிருந்து காட்டுவதாக ஏற்பாடு. ஊரே போனைத் தூக்கிப் பிடித்ததில் டவர் கிடைக்கவில்லை. ஆக, அக்காவுக்கு நான்தான் கண்.

யாகசாலையில் நான் படமே எடுக்கவில்லை. பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று அந்த ஒரு நேரத்துக்காகச் சேமித்து வைத்தேன். (முழுசாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி. இருந்தாலும் பயம்.)

குருக்கள் தீர்த்தக் குடத்தோடு மேலே வந்தார். கீழே மேளம், குலவை. வானத்தில் கருடன் வட்டமிடுகிறது என்று எல்லோரும் அண்ணாந்தார்கள். நான் அதைக்கூடப் பார்க்கவில்லை. கேமராவின் திரையில் கலசம் அத்தனை அழகாக, பக்கத்தில் நிற்கிற மாதிரி தெரிந்தது.

"தயாரா இருங்கோ, ஊத்தறேன்" என்றார் குருக்கள்.

குடம் சாய்ந்தது. பட்டனை அமுக்கினேன். கேமரா படம் எடுக்கவில்லை. பீப் என்றது. திரையில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கியது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி அமுக்கினேன். மறுபடி பத்திலிருந்து ஆரம்பித்தது. அத்தான் கலசத்தின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கீழே ஊரே "ஓம் சக்தி" என்று கையெடுத்துக் கும்பிட்டது. நான் மட்டும் உச்சியில் நின்றுகொண்டு ஏழு, ஆறு என்று படித்துக்கொண்டிருந்தேன்.

என்னதான் ஆச்சு என்று கேமராவைத் திருப்பி அதன் மூஞ்சியைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மினுக்கியது. அந்தச் சமயத்தில் குருக்கள், குடத்தில் மிச்சமிருந்த தீர்த்தத்தோடு என் பக்கம் திரும்பினார்.

சாமி தீர்த்தம் ஒரு உத்தரணி கொடுத்தாலே இரண்டு கையையும் நீட்டுகிறவன் நான். குடம் என் பக்கம் சாய்ந்ததும் கை தானாகக் குவிந்தது, "தாயே" என்று வாய் தானாகத் திறந்தது. குவிந்த கைக்குள் கேமரா இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. குருக்களும் பக்தன் பணிந்து நிற்கிறான் என்று, உச்சந்தலையிலிருந்து மிச்சம் வைக்காமல் ஊற்றினார். நடுவில் எங்கேயோ 'கிளிக்' என்று கேட்டது. அதோடு கேமரா அடங்கிவிட்டது.

"அடடா, கேமராவையா நீட்டினேள்? நான் கையின்னு நெனச்சுட்டேன்" என்றார் குருக்கள்.

கீழே இறங்கியதும் வளர்மதி என்னைப் பார்த்தாள், கேமராவிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"ரெண்டு தடவ சொல்லிப் பாத்தா. கேக்கலன்ன உடனே ஊத்திக் காட்டிட்டா" என்றாள்.

அரிசிக்குள் வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும் என்றார்கள். எங்கள் வீட்டில் அரிசிக்கா பஞ்சம்? பொன்னி மூட்டைக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தேன். எடுத்துப் பார்த்தால் லென்ஸின் இடுக்கில் நாலு அரிசி போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது. கேமராவுக்கு உயிர் வரவில்லை. "இன்னும் ஒரு விசில் விட்டுப் பாருங்க" என்றாள் வளர்மதி.

கேமராவுக்குள் இருந்த கார்டை மட்டும் நன்னிலத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பார்த்தேன். கார்டு பிழைத்திருந்தது. கும்பாபிஷேகத்தன்று எடுத்தது அதில் ஒரே ஒரு படம். என் முகம். கண் பிதுங்கி, வாய் பிளந்து, விபூதி கரைந்து மூக்கு வழியாக ஓட, தலையில் அருவி மாதிரி தண்ணீர். மேலே குருக்களின் கையும் குடமும். வலது ஓரத்தில் கலங்கலாக, மஞ்சளாக ஏதோ ஒன்று. ஸ்டுடியோக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நல்ல தெளிவு, கேமரா என்ன கம்பெனி என்று கேட்டார்.

அனுப்ப மாட்டேன் என்று இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். ஊரில் மற்றவர்கள் எடுத்ததில் கலசம் கடுகளவு, அதை மறைத்துக்கொண்டு ஆயிரம் கை. "இருக்கறத அனுப்புங்க, அண்ணி காத்துக்கிட்டிருப்பாங்க" என்று வளர்மதி சொல்லித்தான் அனுப்பினேன்.

அரை மணி கழித்து அக்கா கூப்பிட்டாள். முதலில் சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். அப்புறம் சத்தம் மாறிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஓரத்துல மஞ்சளாத் தெரியுதே, அது கலசந்தானே தம்பி?" என்று கேட்டாள்.

அது சாரக்கம்பில் கட்டியிருந்த மஞ்சள் துணி. கலசம் எனக்கு எதிரே, கேமராவின் முதுகுப் பக்கம் இருந்தது.

"ஆமாக்கா" என்றேன்.

அந்தப் படத்தை அக்கா பெரிதாகப் பிரிண்ட் போட்டு, அத்தான் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் யார் இந்தச் சாமியார் என்று கேட்கிறார்களாம். செந்தில் என் முகத்தை மட்டும் வெட்டி வாட்ஸப் ஸ்டிக்கராக்கிவிட்டான். எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பரீட்சை போனாலும், அறுப்பு நாளில் மழை பிடித்தாலும், பஸ்ஸை விட்டாலும், பதிலுக்கு வருவது என் முகம்தான். போன மாசம் என் பல்வலிக்கு எனக்கே அதை அனுப்பினார்கள்.

இதை எழுதுவதற்கு முன்னால் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. போன வாரம் கூப்பிட்டேன். மூன்று தடவை பூப் போட்டதைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு அந்த மஞ்சள் துணியைச் சொன்னேன். அதற்குச் சிரிக்கவில்லை.

"துணின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா. முடிச்சு தெரியுது பாரு. கலசத்துல எவன் முடிச்சுப் போடுவான்?"

"அப்புறம் ஏங்க்கா மாட்டி வச்சிருக்க? செந்தில் ஊருக்கு வந்தப்ப கலசத்தப் பளிச்சுன்னு எடுத்துட்டு வந்தானே, அத மாட்டலாம்ல?"

"அது காய்ஞ்சு கெடக்குற கலசம். நான் கேட்டது தண்ணிய. அத்தான் பேரச் சொல்லி ஊத்துன தண்ணி விழுந்தது உன் மூஞ்சிலதான்டா தெரியுது" என்றாள்.

 

படித்தவர்கள் இதை வேண்டியவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதினபடியே சொல்லுங்கள், கை வைக்காதீர்கள். பேராவூரணியில் என் சம்பந்தி வீட்டுப் பக்கம் நான் சாரத்திலிருந்து விழுந்துவிட்டதாகப் பேச்சு. வேறொரு இடத்தில் குருக்களே பிடித்துத் தள்ளியதாகவும் சொல்கிறார்கள், பாவம் அந்த மனுஷர். யாரும் தள்ளவில்லை. நான் விழவும் இல்லை. நனைந்தேன். அதை நனைந்தேன் என்றே சொல்லுங்கள்.