ஏழாம் கொட்டடியின் சாவி

அன்பும் மதிப்பும் மிக்க அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் போர்வைக்குள் டார்ச் விளக்கோடு எழுதுவது. நான் நலமில்லை. நீங்களும் மாமாவும் நலம் என்பது நேற்று தெருமுனைவரை கேட்ட உங்கள் சண்டையிலிருந்து தெரிந்தது. மகிழ்ச்சி.

இன்று எங்கள் வகுப்பை, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் பழைய சிறைச்சாலையைப் பார்க்க அழைத்துப் போனார்கள். கணக்கு வாத்தியார் என்ற முறையில் அப்பாவும் வந்தார். சுற்றிக் காட்டிய அண்ணன், நூறு வருஷத்துப் பூட்டு இன்னும் வேலை செய்யும் என்று பெருமையடித்து, "யாராவது ஒரு நிமிஷம் உள்ள இருந்து பாக்கறீங்களா?" என்று கேட்டதும் நாங்கள் ஒரே குரலில் "சார்! சார்!" என்று கத்தி அப்பாவை ஏழாம் கொட்டடிக்குள் அனுப்பிவிட்டோம், அந்த அண்ணன் பூட்டிவிட்டுக் காவலர் தொப்பியை என் தலையிலும் சாவியை என் கையிலும் வைத்தார், நான் சாவி வளையத்தை விரலில் மாட்டிச் சுழற்றினேன், அது பறந்துபோய்ச் சாக்கடைக் கம்பிக்குள் விழுந்தது. "சாவி குடும்மா" என்று அவர் கை நீட்டியபோது என் வாய் தானாக, "உங்ககிட்டயே குடுத்துட்டேனே" என்றது. பாவம், நம்பிவிட்டார். சட்டைப்பை, கால்சட்டைப்பை, சாப்பாட்டுப்பை எல்லாவற்றையும் கொட்டித் தேடினார். அப்பாவோ, "நேரத்த வீணாக்காதீங்க, நோட்ட எடுங்க" என்று கம்பிக்குப் பின்னாலிருந்தே பின்னக் கணக்கைத் தொடங்கினார். வேறு பள்ளிப் பிள்ளை ஒருத்தி பொம்மை என்று நினைத்து அவர் மூக்கைத் தொட்டாள். ஒரு பெரியவர், "இவர் என்ன தப்பு பண்ணினவர்?" என்று விசாரிக்க, கடைசி பெஞ்ச் மொத்தமும், "வீட்டுப்பாடம் நெறைய குடுத்தாருங்க" என்றது. இரண்டரை மணி நேரம் கழித்து வெல்டிங்காரர் வந்து பூட்டை அறுத்தார். மேலாளர் எல்லோர் முன்னாலும் அந்த அண்ணனிடம், "நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார். அப்போதும் அவர் தன் பைகளைத்தான் தடவிக்கொண்டிருந்தார்.

அத்தை, முடிவு செய்துவிட்டேன். காலை ஒன்பது மணிக்கு மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்வேன். அப்பாவுக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் துணைக்கு வாருங்கள். மாமாவுக்கு வணக்கம். உங்கள் இருவரின் சமாதானத்துக்கும் என் வாழ்த்து.

இப்படிக்கு,
பொய் சொன்ன மருமகள்

பி.கு.: இதை உங்கள் கதவிடுக்கில் செருகக் கிளம்பினால், கூடத்தில் அப்பாவும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்! மேலாளருக்கு. சாவி தன் கையிலிருந்துதான் தவறி விழுந்ததாம். "பூட்டுக்குள்ள இருந்தவர் கைக்கு சாவி எப்படிப்பா வரும்?" என்றேன். பேனாவை மூடினார். "நீ சுத்தினத பாத்தேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன். பாவம், அந்த ஆளு... நானும் வாயத் தொறக்கலியே" என்றார். காலையில் இருவரும் போகிறோம். நீங்கள் வர வேண்டாம். "அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா" என்று அப்பா கெஞ்சினார். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே இந்தக் கடிதத்தைப் படிக்காமல் கிழித்துவிடவும்.