எஞ்சினின் மனக்குறை

கார் இன்னும் ஒழுங்காக ஒரு சுற்றுகூட ஓடவில்லை. அதற்குள் தொழிற்கூடத்து வாசலில் கூட்டம் அலைமோதியது. உலகத்தின் மிகப் பெரிய கார் பந்தயத்தில் ஒரு புதிய அணி இறங்குகிறது, அதன் முதல் கார் உள்ளே உருவாகிறது என்றால் கூட்டம் வராதா? வந்தது. ஆனால் காரைப் பார்க்க அல்ல, அதிர்வு ஐயாவைப் பார்க்க.

ஐயாவின் கையில் ஒரு நூல். நூலின் நுனியில் ஒரு செம்புக் குண்டு. எந்தப் பொருளின்மேல் பிடித்தாலும் அதன் அதிர்வை வைத்தே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார். குண்டு வட்டமாகச் சுற்றினால் பொருளுக்குத் திருப்தி. முன்னும் பின்னும் ஆடினால் கோபம். கோபம் தணிய அவரிடமே செம்புத் தகடு கிடைக்கும். வாசலில் நின்றவர்கள் கைப்பேசி, தையல் மெஷின் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவர் மாமியாரின் சக்கர நாற்காலியையே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். மாமியார் அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

அணியின் முதலாளி மெத்தை வியாபாரத்தில் பெரிய ஆளானவர். ஊரையே தூங்கவைத்துச் சம்பாதித்தவருக்கு வேகத்தின்மேல் ஆசை வந்துவிட்டது. ஐயாவை அழைத்துவந்தது அவருடைய மச்சான். மச்சானுக்கும் ஒரு சின்ன ஆசை இருந்தது, காரைத் தானே ஓட்ட வேண்டும் என்று. ஆனால் ஓட்டுவதற்கு அமர்த்தப்பட்டவள் வேறொருத்தி. சின்ன வயதிலிருந்து பந்தயத் தடத்திலேயே கிடந்தவள். இந்த ஒரு இருக்கைக்காக எத்தனையோ அணிகளின் வாசலில் காத்திருந்து திரும்பியவள்.

அவளுக்கு வயிறு எரிந்தது. காரின் எடையைக் குறைக்க மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட பொறியாளர்கள், பெயின்ட் கனமாகிவிட்டதென்று சுரண்டி எடுத்தவர்கள், இப்போது அதே காரில் அள்ளி அள்ளித் தகடு ஒட்டினார்கள். கேட்டால், "இருந்துட்டுப் போகட்டுமே, நமக்கென்ன நஷ்டம்?" என்றார்கள். படித்தவர்கள் முட்டாளாகும்போது பேசும் முதல் வசனம் இதுதான்.

நஷ்டம் சோதனை ஓட்டத்தில் வந்தது. பிரேக்கைக் குளிரவைக்கக் காற்று போகும் வழியை ஒரு தகடு அடைத்துக்கொண்டது. பிரேக் புகைந்தது, வளைவில் கார் தடம் மாறி மணலில் போய்ப் புதைந்தது. அவள் இறங்கி, கருகிய தகட்டைப் பிடுங்கி முதலாளியிடம் நீட்டினாள்.

"பாருங்க சார், இதுதான் அடைச்சிருந்தது!"

ஐயா குறுக்கே புகுந்தார். "அந்தத் தகடு இல்லேன்னா நீ இப்ப நின்னு பேசிட்டிருக்க மாட்டேம்மா. எஞ்சினுக்கு உன் கை பிடிக்கலை. நாளைக்கு முறையாக் கேட்டுச் சொல்லிடறேன்."

மச்சான் அன்றே பந்தய உடைக்கு அளவு கொடுத்துவிட்டார்.

அவள் நேராகத் தலைமை மெக்கானிக்கிடம் போனாள். "அண்ணே, ஐயா கேக்கறப்போ காரைப் போர்வை போட்டு மூடித்தானே வெப்பீங்க?"

"ஆமாம்மா. மனுஷக் கண்ணு பட்டா எஞ்சினுக்கு வெக்கமாம்."

"அப்ப நாளைக்கு அந்தக் கடைக் காரை மூடி வைங்க."

மெத்தைக் கடை வாசலில் விளம்பரத்துக்காக நிறுத்துவதற்கென்று செய்த மாதிரிக் கார் அது. வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே பார்க்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை. மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் தொழிற்கூடத்துக்குள் கால் வைக்க இடமில்லை. ஐயா போர்வைமேல் குண்டைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"எஞ்சின் பேசறது தெளிவாக் கேக்குதா ஐயா?" என்றாள் அவள்.

"நீ பேசறதைவிடத் தெளிவாக் கேக்குது!"

"என்ன சொல்லுது?"

குண்டு முன்னும் பின்னும் ஆடியது. "அப்பப்பா, என்ன கொதிப்பு! இந்தப் பொண்ணு தொட்டா ஓட மாட்டேங்குது. முதலாளி வீட்டு ஆளு தொட்டாதான் கிளம்புவேன்னு அடம் பிடிக்குது."

மச்சான் கல்யாணம் நிச்சயமானவர்போலத் தலை குனிந்தார். முதலாளி கையைப் பிசைந்தார். "மனசுல வெச்சுக்காதேம்மா. எஞ்சினே சொல்றப்போ நான் என்ன பண்ண?"

விஷயம் தெரிந்திருந்தும் அவளுக்கு வலித்தது. இத்தனை வருட உழைப்பை ஒரு நூல்குண்டு தள்ளிவிடுகிறதே!

"சரி சார். போறதுக்கு முன்னாடி அந்த எஞ்சின்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

போர்வையை இழுத்தாள். பின்பக்க மூடியைத் தூக்கினாள். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாளி, ஒரு துடைப்பம், மெக்கானிக்கின் காலிச் சாப்பாட்டு டப்பா.

"இதுல கொதிச்சது யாரு ஐயா? வாளியா, துடைப்பமா?"

ஐயா அவசரமாக நூலைச் சுருட்டினார். "இது... சூட்சும எஞ்சின். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது." அதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. முதலாளி வீட்டு ஆளு தொட்டாக் கிளம்பும்னீங்களே, கிளப்பட்டும்."

கூட்டம் மச்சானைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தது. அவர் பக்தியோடு ஸ்டீயரிங்கைத் தொட்டார், திருகினார், இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது.

முதலில் சிரித்தது சக்கர நாற்காலி மாமியார். தன் மருமகனைக் கூப்பிட்டார். "மாப்ளே, என் வண்டியத் தள்ளுங்க. அதைவிட இது வேகமாப் போகும்!"

கூரை அதிரச் சிரிப்பு எழுந்தது. ஐயா சொன்ன அதிர்வுகளில் உண்மையானது அது ஒன்றுதான். அவர் பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தார். தையல் மெஷின்காரர்கள் தகடும் கையுமாக அங்கே காத்திருந்தார்கள்.

"எல்லாத் தகட்டையும் எடுத்துடுங்கப்பா," என்றார் முதலாளி. "நாங்க அப்பவே நினைச்சோம் சார்," என்றார்கள் பொறியாளர்கள்.

முதல் பந்தய நாள். அவள் காரில் ஏறப்போகும் நேரத்தில் மூத்த பொறியாளர் பம்மிக்கொண்டு வந்தார். கையில் அதே வாளி.

"இதை ஒரு தடவை தொட்டுட்டுப் போம்மா. உன் சீட்டைக் காப்பாத்தின ராசியான வாளி. நமக்கென்ன நஷ்டம்?"

அவள் தலைக்கவசத்தைக் காட்டினாள். "இதை எதுக்கு சார் போடறோம்?"

"தலையைக் காப்பாத்தத்தான்."

"தலைக்குள்ள இருக்கறதை உபயோகப்படுத்தறவங்களுக்குத்தான் இது வேணும். உங்களுக்கு இந்த வாளியே போதும்."

வாளியை வாங்கி அவர் தலையில் கவிழ்த்துவிட்டுக் காரில் ஏறினாள்.