தெர்மோஸ்தாவுக்கு நான் சொன்ன மணி

பிரான்சுக்கு வந்த முதல் மூன்று வருஷமும் என் கைமணிக்கூட்டின் முள்ளை நான் திருப்பவேயில்லை. அது யாழ்ப்பாண நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கோடையென்றால் அதிலிருந்து மூன்றரை மணித்தியாலம் கழிக்க வேண்டும், குளிர்காலமென்றால் நாலரை. யாராவது மணி கேட்டால் கையைப் பார்த்து, மனதுக்குள் கழித்து, கொஞ்சம் பிந்தித்தான் பதில் சொல்லுவேன். (எதையும் ஆற அமர யோசித்துப் பேசுகிற பிள்ளை என்று, பாரிசில் எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் லா ஷப்பலில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. இந்தக் கழித்தல் கணக்கால் வந்த பெயர் அது.)

அப்போது லா ஷப்பலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மனதுக்குள் மட்டும் நான் ஒரு பொறியியலாளர். வீடுகளுக்குச் சூடேற்றும் கருவிகள் பற்றி மூன்று மாதப் பயிற்சி முடித்திருந்தேன். அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, போகிற இடமெல்லாம் கொண்டு திரிந்தேன். கையைச் சும்மா வைத்திருக்கவும் எனக்குத் தெரியாது. கழுவுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் உணவகத்தின் அழைப்பு மணி, விசிறி, குளிர்ப்பெட்டிக் கதவு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பேன். அவற்றில் சில திரும்பவும் வேலை செய்தன.

சனிக்கிழமைகளில் அங்கே வடை சாப்பிட முசியே அமலோர் வருவார். முசியே என்றால் ஐயா. ஆள் பாண்டிச்சேரிக்காரர். சூடேற்றும் கருவிகள் பூட்டும் சின்னக் கம்பனி ஒன்று வைத்திருந்தார். முழங்கால் வரைக்கும் வருகிற கறுப்புக் கோட் போட்டிருப்பார். அவர் வந்து உட்கார்ந்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழோடு போய் நிற்பேன். நாலாவது தடவை போனபோது, முத்திரைகூடத் தனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது என்றார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் என் அக்காவும் அத்தானும் பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் ஒரு பழைய வீடு வாங்கினார்கள். எண்ணெயில் ஓடிய பழைய சூடேற்றியை எடுத்துவிட்டு, ஹீட் பம்ப் ஒன்றைப் பூட்டச் சொல்லி முசியே அமலோரிடமே கொடுத்தோம். வெளியே தோட்டத்தில் விசிறியோடு ஒரு பெட்டி நிற்கும். அது வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை இழுத்து வீட்டுக்குள் தள்ளும். பனி கொட்டுகிற காற்றில் எங்கேயிருந்து சூடு என்று அத்தான் கேட்டார். நான் படம் கீறி விளக்கினேன். அவர் படத்தைப் பார்த்தார், வெளியே பனியைப் பார்த்தார், பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

பம்பை முசியேயின் ஆட்கள் பூட்டினார்கள். அதை ஆட்டிவைக்கிற தெர்மோஸ்தாவை, அதாவது எந்த நேரத்துக்கு எவ்வளவு சூடு என்று சொல்லிவைத்தால் அதன்படி நடக்கிற சுவர்ப் பெட்டியை, முசியே என் கையில் தந்தார்.

"தம்பி, இத நீ மாட்டு. ஞாயித்துக்கெழம ஏழு மணிக்கு நா சாப்பிட வர்றேன். யாரும் பொத்தானைத் தொடக் கூடாது, அதுவா ஓடணும். உள்ள வந்து நா கோட்டக் கழட்டினேன்னா, திங்கக்கெழமையே உனக்கு கோந்த்ரா."

கோந்த்ரா என்றால் வேலை ஒப்பந்தம். மூன்று வருஷமாகச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெடித்துப்போன என் கைகளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. போகிற போக்கில் அவர் ஒரு புத்தியும் சொன்னார். இரவில் சூட்டை இரண்டு பாகைக்கு மேல் குறைக்காதே, அதிகம் குறைத்தால் இந்தப் பம்ப் திரும்ப ஏற்றுவதற்கு மணிக்கணக்காகும் என்றார். நான் தலையாட்டினேன். (தலையாட்டுவதும் கேட்பதும் ஒன்றல்ல என்று இப்போது என் மகளுக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

சனிக்கிழமை மத்தியானம் பூட்டினேன். மின்சாரத்தை நிறுத்தி, பழைய பெட்டியைக் கழற்றி, வயர்களை மாட்டி, மட்டம் பார்த்து முடுக்கினேன். அத்தான் டோர்ச் லைட் பிடித்தார். அக்கா தேத்தண்ணியோடு நின்றார். நான் ஒவ்வொரு திருகாணியையும் வர்ணித்தபடி வேலை செய்தேன். பிறகு மின்சாரத்தைப் போட்டதும் பெட்டி கேள்வி கேட்கத் தொடங்கியது. எந்த மொழி, என்ன வகைப் பம்ப், என்ன திகதி. பரீட்சையில் முதல் பிள்ளை மாதிரி டக் டக்கென்று அடித்தேன். கடைசியில் மணி கேட்டது.

கையைப் பார்த்தேன். ஆறரை. 18:30 என்று அடித்தேன்.

(உங்களுக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்குவதற்கு முப்பது மணித்தியாலம் பிடித்தது.)

ஆள் கேட்டிருந்தால் கழித்துச் சொல்லியிருப்பேன். பெட்டிக்கு முன்னால் கழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. காலை ஆறு மணியிலிருந்து இருபது பாகை, இரவு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு பாகை என்று நிரலையும் போட்டேன். இரண்டு பாகை குறைக்கச் சொன்னவருக்கு எட்டுப் பாகை குறைத்துக் காட்டினால் ஆள் அசந்துபோவார் என்று நினைப்பு. பிறகு வீட்டாரை வரிசையாக நிறுத்தி, இது யோசிக்கிற மெஷின், ஒருவரும் கை வைக்கக் கூடாது என்று கட்டளையிட்டுவிட்டு, பின்னேர வேலைக்கு லா ஷப்பலுக்கு ஓடினேன்.

அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆனால் அக்கா குடும்பம் அன்று பின்னேரம் பக்கத்து ஊர் ஓல்னே-சூ-புவாவில் ஒரு பிறந்தநாளுக்குப் போய், பிந்தி வந்து, நேரே போர்வைக்குள் புகுந்துவிட்டது. தெர்மோஸ்தாவின் காலை ஆறு மணி, பாரிசின் ஒன்றரை மணி. ஆகவே ஞாயிறு காலை அவர்கள் எழும்பியபோது வீடு இதமான சூட்டில் இருந்தது. அக்கா போன் எடுத்துப் புகழ்ந்தார். நான் அன்றைக்குக் கோப்பைகளைக்கூட ஒரு முதலாளியின் தோரணையில்தான் கழுவினேன்.

ஞாயிறு பின்னேரம் ரயில் பிந்தியது. ஓட்டமும் நடையுமாக நான் அக்கா வீட்டுப் படலைக்கு வந்தபோது முசியேயும் காரை விட்டு இறங்கினார். கதவைத் திறந்த அக்கா கம்பளித் தொப்பி போட்டிருந்தார்.

"தம்பி, வீடு விறைக்குதடா," என்று காதுக்குள் சொன்னார். "நீ தொட வேண்டாம் எண்டதாலை நாங்கள் ஒருத்தரும் தொடேல்லை."

மீன் பொரித்த வாடை விருந்தாளியின் கோட்டில் ஏறாமல் இருக்க ஜன்னல்களைத் திறந்துவைத்திருந்தாராம். எனக்கு அது போதும். ஜன்னலால்தான் குளிர், இப்போது சரியாகிவிடும் என்று முசியேயைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்தபடியே கோட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார்.

கால் மணித்தியாலம் போயிற்று. ஒன்றும் சூடாகவில்லை. அத்தான் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார், வாயிலிருந்து புகை வராதது ஒன்றுதான் குறை. எனக்கு இருக்கை கொள்ளவில்லை. மெல்ல எழும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெர்மோஸ்தாவைப் போய்ப் பார்த்தேன். வீட்டுச் சூடு பதினாலு. மணி 23:50. பக்கத்தில் ஒரு சின்ன நிலாப் படம். என் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து நிமிஷம் குறையப் பன்னிரண்டு. நிமிஷம்கூடப் பிசகவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், கும்மிருட்டு. அப்படியென்றால் நிலாவும் சரி. (நடுச்சாமத்தில் விருந்தாளி ஏன் இன்னும் சாப்பிடாமல் இருக்கிறார் என்ற கேள்வி மட்டும் எனக்கு வரவில்லை.)

மணி சரி, நிரல் சரி, ஆகவே பிழை வெளியேதான் என்று முடிவெடுத்தேன். தோட்டத்துக்கு ஓடினேன். விசிறி அசையாமல் நின்றது. உறைபனியைத் தட்டினேன், குனிந்து பார்த்தேன், பெட்டியின் பக்கவாட்டில் ஒரு குத்தும் விட்டேன். உள்ளே வந்தேன். வயரில் பிழையோ என்று சந்தேகம் வந்து திரும்பவும் ஓடினேன். நான் ஒவ்வொரு தடவை கதவைத் திறந்தபோதும் லெ பிளாங்-மெனிலின் குளிர் முழுக்க என்னோடு உள்ளே வந்தது. நாலாவது தடவை வந்தபோது அக்காவின் மகள், அந்தக் கதவைச் சாத்திவிட்டு உட்காரும்படி பிரெஞ்சில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

முசியே எழும்பி வந்தார். தெர்மோஸ்தாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இப்ப மணி என்ன?"

மூன்று வருஷமும் தவறாமல் கழித்துச் சொன்ன வாய், அன்றைக்குப் பதற்றத்தில் கழிக்க மறந்துவிட்டது.

"பன்னிரண்டு பத்து," என்றேன்.

அவர் தன் கையை நீட்டிக் காட்டினார். ஏழு நாற்பது.

அந்த இடத்தில் தரை பிளந்திருந்தால் இரண்டு காலையும் சேர்த்துவைத்துக் குதித்திருப்பேன். தெர்மோஸ்தாவின் கணக்கில் ஐந்தரைக்கே இரவு பத்தாகிவிட்டது. அது நான் சொன்னபடியே பன்னிரண்டு பாகைக்கு இறங்கச் சொல்லி, பம்பை நிறுத்தி வைத்திருந்தது. வீட்டிலேயே சொன்ன சொல் கேட்காமல் நடந்தது நான் ஒருவன்தான். முசியே தானே பொத்தானை அழுத்தி இருபதுக்கு ஏற்றினார். வெளியே விசிறி சுழலத் தொடங்கியது.

"மேல வர்றதுக்கு மூணு மணி நேரமாவது ஆவும்," என்றார். "அதுக்குத்தான் ரெண்டு டிகிரின்னேன்."

பிறகு ஏன் என் மணிக்கூடு அப்படி ஓடுகிறது என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அம்மா அங்கே தனியாக இருக்கிறா, அவ எழும்பிவிட்டாவா, சாப்பிட்டாவா, படுத்துவிட்டாவா என்று கையைப் பார்த்தாலே தெரிய வேண்டும், இந்த ஊர் மணிக்கு மாற்றினால் அவவை விட்டுவிட்டு வந்தது உறுதியாகிவிடும் போல இருந்தது என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. முசியே போய்ச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். கோட் அவர் உடம்பிலேயே இருந்தது. என் கோந்த்ரா போய்விட்டது என்று எனக்கு உறுதியாயிற்று.

அக்கா அதுவரை சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி உள்ளே போனார். மிக்ஸி இரைந்தது. யாழ்ப்பாணத்துக் கூழ் குடித்ததேயில்லை என்று முசியே முன்பொருநாள் சொன்னதற்காக, அன்றைக்குப் பனங்கிழங்கைக் காயவைத்து அரைத்த ஒடியல்மா போட்டு நண்டும் இறாலும் மீனும் பலாக்கொட்டையுமாகக் கூழ் காய்ச்சியிருந்தார். விருந்தாளிக்காக உறைப்பைக் குறைத்திருந்தாராம். இப்போது ஒரு கைப்பிடி செத்தல் மிளகாய் புதிதாக அரைபட்டது. இதைப் பிறகுதான் எனக்குச் சொன்னார்.

ஆவி பறக்கிற கோப்பை முசியேயின் முன்னால் வந்தது. முதல் வாய்க்கு அவர் கண்ணை மூடினார். இரண்டாவது வாய்க்கு மூக்கைத் துடைத்தார். பாதியில் நெற்றி மினுங்கியது. கழுத்துத் துண்டை அவிழ்த்தார். நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே மேல் பொத்தானைக் கழற்றினார். இரண்டாவது கோப்பையும் கேட்டார். அது முடிகிற கட்டத்தில் வியர்வை காதோரம் வழிய எழும்பி நின்று, கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"முசியே கோட்டைக் கழட்டிப்போட்டியள்," என்றார் அக்கா, கரண்டியைக் கையில் பிடித்தபடி. "பொத்தானை ஒருத்தரும் தொடேல்லை. நீங்கள்தான் தொட்டியள்."

முசியே கோட்டைப் பார்த்தார், கூழ்ச் சட்டியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்பாலா செத்தல் மிளகாயாலா என்று இன்றுவரை தெரியாது.

"திங்கக்கெழம காலைல ஏழு மணிக்கு வா," என்றார். "பாரீஸ் ஏழு மணி."

திங்கள் காலை ரயிலில் வைத்து என் மணிக்கூட்டின் முள்ளைத் திருப்பினேன். ஒரேயடியாகப் பின்னுக்கு, நாலரை மணித்தியாலம். அன்று தொடங்கிய வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கான தெர்மோஸ்தா பூட்டிவிட்டேன். மணி போடுவதற்கு முன்னால் மட்டும் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுவேன். கையில் மணிக்கூடு கட்டிக்கொண்டு மணி கேட்கிறவனை அவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பரவாயில்லை. எங்கள் சொந்தத்துக்குள் அந்தக் கூழுக்குக் கோந்த்ராக் கூழ் என்றே பெயர். வேலை தேடுகிற எவரும் அக்கா வீட்டுக்கு ஒரு தடவை போய்க் குடித்துவிட்டு வரும்படிதான் அத்தான் புத்தி சொல்லுவார்.

அந்தத் திங்கள் வேலை முடிந்ததும் அக்கா வீட்டுத் தெர்மோஸ்தாவைத் திருத்தப் போனேன். மணியில் விரலை வைத்ததும் அக்கா தடுத்தார்.

"மணியை மாத்தாதை. அம்மா படுத்திட்டாவோ எண்டு பாக்க எனக்கு உது நல்ல வசதியாக் கிடக்கு. நீ மிச்சத்தை மாத்து."

ஆகவே மணியை விட்டுவிட்டு நிரலை மாற்றினேன். காலை ஆறு மணிச் சூடு பத்தரைக்குப் போயிற்று. இரவு பத்து மணி, விடியற்புறம் இரண்டரை ஆயிற்று. இன்றைக்கும் அப்படித்தான். மார்ச்சிலும் ஒக்டோபரிலும் பிரான்ஸ் முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமைகளில், நான் லெ பிளாங்-மெனிலுக்குப் போய், அந்தச் சுவரில் மணியை மட்டும் தொடாமல், மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, கூழும் குடித்துவிட்டு வருகிறேன்.