கைவிரிச்சான்

தீர்த்தகிரி சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. செங்கம் சந்தைக்குப் புளி மூட்டையோடு மலையிறங்கும்போதெல்லாம் என் கடைக்கு வருவான். டீ சொல்லச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பான். ஒரு தடவை அவன் கதையில் எலுமிச்சம்பழ அளவில் இருந்த களை, அடுத்த தடவை தேங்காய் அளவுக்கு வந்திருக்கும். கடலில்கூட அது அவ்வளவு வேகமாக வளராது. இருந்தாலும் அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

தீர்த்தகிரி துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் மீன் தொட்டி துடைத்தவன். மற்றவர்கள் அங்கிருந்து தங்கம் கொண்டுவந்தார்கள். இவன் ஒரு கிறுக்கைக் கொண்டுவந்தான். சாமையும் புளியும் விளைகிற நெல்லிவாசல்நாட்டில், தன் வீட்டு முன்னறையில், ஆள் படுக்கிற நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி வைத்து அதில் கடலை உண்டாக்கினான். தீர்த்தகிரி வீட்டுக்குள்ளேயே கடலை வளர்க்கிறான் என்று செய்தி பரவியது. ஒடுகத்தூரிலிருந்து வேர்க்கடலை வியாபாரி ஒருவர் விலை விசாரிக்க வந்து, உப்புத் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இறங்கிப் போனார்.

உப்பு வாளி வாளியாகச் சென்னையிலிருந்து வந்தது. மீன் வந்தது. உயிருள்ள பவளம் வந்தது. மலைக் குளிர் பவளத்துக்கு ஒத்துக்கொண்டது. மனைவி அம்சவல்லிக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தாலியில் கோக்க ஒரு ஜோடி பவளம் வாங்கித் தருவதாகக் கல்யாணத்தன்று சொன்னவன் அவன். காதோரம் நரைத்த பிறகு வந்த பவளம், தொட்டால் சுருங்கியது. அதைக் கழுத்தில் போட முடியாது, அதற்குக் கழுத்தைக் கொடுக்கத்தான் முடியும் என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னாளாம்.

ஏதோ ஒரு கல்லோடு ஒட்டிக்கொண்டு களையும் வந்து சேர்ந்தது. அதுவும் பவளச் சாதிதான், ஆனால் உள்ளே கல் இல்லாத மெத்தென்ற சாதி. தண்டின் நுனியில் சின்னச் சின்னக் கைகள். விரியும், மூடும், விரியும், மூடும். பார்க்க அழகு. விட்டால் மற்றப் பவளத்தையெல்லாம் மூடிக் கொன்றுவிடும். கிள்ளி எறிந்தால் கிள்ளின துணுக்கு எங்கே விழுகிறதோ அங்கே குடித்தனம் போடும். அதன் இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாததால் தீர்த்தகிரி அதற்குக் கைவிரிச்சான் என்று பெயர் வைத்தான். "உங்க பேரையே வச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் அம்சவல்லி. எதைக் கேட்டாலும் கையை விரிக்கிற ஆள் என்பது அவன்மேல் அவளுக்கு இருந்த நெடுநாள் புகார்.

அவர்களுக்கு ஒரே மகள், பூவிழி. ஒடுகத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் பாலமுருகனைத் தானாகவே பார்த்துத் தானாகவே கட்டிக்கொண்டாள். தீர்த்தகிரி திட்டவில்லை. கத்தவில்லை. திட்டியிருந்தால் ஒருநாள் சமாதானமாகிவிடலாம். அவள் வீட்டுக்குப் போகாமல் இருந்தான், அவ்வளவுதான். கோபம் என்று ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. அதற்குத்தான் களை கைகொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆனந்தனின் ஷேர் ஜீப் மலையிறங்கும். மகளைப் பார்க்க அம்சவல்லி கிளம்புவாள், இவனையும் கூப்பிடுவாள். இவன் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் கத்தியுமாக நிற்பான். இன்னிக்கு விட்டால் தொட்டி பூராவும் பரவிடும் அம்சா, என்பான். முகத்தில் அப்படியொரு கவலை. அவள் போய்விடுவாள். இவன் மதியத்துக்குள் சுரண்டி முடித்துவிடுவான், ஒரே ஒரு துணுக்கைத் தவிர. அதைப் பின்பக்கக் கல் இடுக்கில் விதைக்கு விட்டுவைப்பான். அடுத்த ஞாயிறுக்கு வேண்டுமே.

இப்படியே வருடங்கள் ஓடின. பேரன் பிறந்தான். அப்போதும் தொட்டி பூராவும் பரவிடும் என்றான். அம்சவல்லி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"தொட்டில்ல ஒண்ணு கெடக்குது, அதப் பாக்க ஆளில்ல. தொட்டிக்குக் காவல் இருக்கறீங்க."

அவளிடம் மகள் அனுப்பிய வீடியோ இருந்தது. இன்னொரு நாள் அவள் நீட்டியபோது இவன் பார்க்கவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும் எடுத்துப் பார்த்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை மட்டும் தூங்கவில்லை. விரிந்தது, மூடியது. விரிந்தது, மூடியது. தீர்த்தகிரி தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் போனை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

குழந்தைக்குக் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதுதான் முறை. பூவிழிக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. மாமன் இல்லாத பிள்ளைக்குத் தாத்தா மடிதான் என்று தீர்த்தகிரி தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். அந்த மடியைக் கொடுக்கப் போக வேண்டும். போக வேண்டுமானால் களை இருக்கக் கூடாது. நேற்றுவரை சாக்காக இருந்ததை ஒரே நாளில் சும்மா தூக்கிப் போட்டால், அது சாக்குதான் என்று தெரிந்துபோகாதா?

கல்லையெல்லாம் வெளியே எடுத்தான். ஒவ்வொன்றையும் தேய்த்தான். கத்தி நுழையாத இடுக்கில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து அப்பினான். விதைக்கு விட்ட துணுக்கையும் எடுத்தான். சுரண்டியதெல்லாம் ஒரு வாளியில் சேர்ந்தது. எருக்குழியில் கொட்டச் சொல்லி அம்சவல்லியிடம் கொடுத்தான். அன்றிலிருந்து காலையும் மாலையும் டார்ச் அடித்துப் பார்த்தான். தொட்டி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காதுகுத்துக்கு நானும் வர்றேன் என்று, ஏதோ வரம் கொடுக்கிற தோரணையில் அறிவித்தான். அம்சவல்லி முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாங்களேன் என்றாள்.

அந்த ஞாயிறு காலை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கிளம்பும் முன் மீனுக்கு இரை போடத் தொட்டிப் பக்கம் போனான்.

முன்கல்லின் நட்டநடுவில், ஒரு கொத்துக் கைவிரிச்சான், விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது.

"இன்னா இது?"

அம்சவல்லி வந்து எட்டிப் பார்த்தாள். "அட பாவமே. வந்துடுச்சிங்களா?"

"நேத்து சாயங்காலங்கூட இல்லியே."

"ஒரு துணுக்கு போதும்னு நீங்கதான சொல்லுவீங்க."

"இது துணுக்கா? ரப்பர் பேண்டு போட்டு கட்டிருக்குது பாரு."

"அதுக்கு இன்னா புடிக்குதோ, போட்டுக்குது."

"இது தானா வந்தது இல்ல அம்சா. யாரோ வச்சிருக்காங்க."

அவள் கண்ணாடித் தொட்டியிலேயே முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாள். "அப்பிடிங்களா? இத்தினி வருசமா ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை மொளச்சிதே, அதெல்லாம் யாருங்க வச்சாங்க?"

தீர்த்தகிரி வாயைத் திறந்தான். மூடினான். தொட்டிக்குள் இருந்ததும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. "வுட்டுட்டு வந்தா தொட்டி பூரா பரவிடுமே. நீங்க எப்பிடி வருவீங்க, பாவம்," என்றாள் அம்சவல்லி. அவனுடைய வாக்கியம். அவனுடைய அதே கவலை முகம். "சோறு மூடி வச்சிருக்கேன். சாப்ட்டுட்டு நெதானமா சொரண்டுங்க."

ஆனந்தன் வண்டியை அணைத்துவிட்டு, பெரியப்பா வர்றாரா என்று குரல் கொடுத்தானாம். நல்ல நேரம் போய்விடும் என்று ஜீப்புக்குள் இருந்தவர்கள் முணுமுணுக்கும்வரை நிறுத்தி வைத்திருந்தானாம். தீர்த்தகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரஷ்ஷைத் தேடினான்.

பிரஷ் அகப்படவில்லை. அடுப்படியில் தேடியபோது, கேழ்வரகு டின்னுக்குப் பின்னால் ஒரு ஊறுகாய் ஜாடி இருந்தது. ஜாடியில் கடல் தண்ணீர். தண்ணீருக்குள், அவன் எப்போதோ தூக்கிப் போட்ட காற்று மோட்டாரின் குழாய் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. எருக்குழிக்குப் போன வாளியிலிருந்து வழியிலேயே இறங்கிக்கொண்ட இன்னொரு கொத்து அதில் சௌக்கியமாக இருந்தது. இந்த ஞாயிறு தவறினால் அடுத்த ஞாயிறுக்கு.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் திரும்பினாள். காதுகுத்து நல்லபடியாக முடிந்ததாம். ஆனந்தன் மடியில்தான் குத்தினார்களாம். வாராவாரம் மகள் வீட்டில் புளியும் தேனும் இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவன், பூவிழி வாய்நிறைய அண்ணன் என்கிறாள், போன மாசமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாகிவிட்டது, கடைசி நேரத்தில் அவனை எழுந்திரு என்று எப்படிச் சொல்வது. எல்லாவற்றையும் அவள் புடவை மடித்துக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. இவன் தேடிப் பார்த்தான், இல்லை.

"அழுதுச்சா?"

"செத்த நேரம்."

"பூவிழி கேட்டாளா?"

"இன்னாத்த?"

"நான் வரலியான்னு."

அம்சவல்லி மடித்த புடவையைக் கொடியில் போட்டாள். "மின்னெல்லாம் கேப்பா," என்றாள்.

இதுதான் தீர்த்தகிரியின் கதை. பெண்டாட்டி என்னைக் களையால் அடித்துவிட்டாள் என்று சொல்லிச் சிரிப்பான். கடைப் பெஞ்சில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சரியாகச் சிரிப்பு வராது. முதல் முறை சொன்னபோது ரப்பர் பேண்டு இல்லை. ஊறுகாய் ஜாடி அதற்கும் பிறகுதான் வந்தது. ஒருவேளை அந்தத் துணுக்கை இவனே விட்டிருப்பான், எப்போதும் போல, கை பழக்கத்தில். அதை அவள்மேல் போடுகிறானோ என்று நினைப்பேன். அப்புறம் அவளையும் நினைத்துக்கொள்வேன். அவ்வளவு பொறுமையான ஒருத்திக்கு ஒரு ஜாடி பெரிய விஷயமா? யார் வைத்தது என்பதிலேயே இத்தனை வருடம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

போன சந்தையில் மறுபடி ஆரம்பித்தான். ஹாரன் அடித்த இடம் வந்ததும் நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"தீர்த்தகிரி, அவங்க வச்சாங்களோ, நீ வுட்டியோ, அது கெடக்கட்டும். களை தண்ணிக்குள்ளதான இருந்துது. ஜீப்பு வாசல்ல நின்னுச்சி. அது ஏறி வந்து ஒன் காலயா புடிச்சிது?"