இரண்டு கை டர்ன்டேபிள்

அவர் கண்கள் கட்டப்பட்டிருந்தன. நான்கடி தூரத்தில் ஏதோ சுழன்றுகொண்டிருந்தது.

"சொல்லுங்க சார்... எந்தக் கை?" என்றது ஓர் ஆண் குரல்.

"நீளமான கை," என்றார் லென்ஸ்.

"சரி!" என்றாள் மனைவி, பட்டென்று.

லென்ஸின் நெற்றி சுருங்கியது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்தோரு வருடமாக எரிந்த குடோன், காணாமல் போன லாரி என்று துருவித் துருவி விசாரிப்பவர். ஆபீசில் அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். கல்யாணமான நாளிலிருந்து மனைவி எதையும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை.

கடையிலிருந்து தாடிக்கார மெக்கானிக் கொண்டுவந்திருந்த, இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளில் ஊசியைத் தாங்கும் கை இரண்டு. ஒன்று குட்டை, நேர். இன்னொன்று நீளம், பாம்பு வளைவு. ஒரே இசைத்தட்டில் இரண்டையும் மாற்றி மாற்றி இறக்கிக் கேட்டுவிட்டு, பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். இதற்காக எட்டு மாதம் கேட்லாக்கைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியிருந்தார் லென்ஸ்.

மனைவி போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவை சரியாச் சொல்லுங்க, வாங்கிக்கலாம். ஒண்ணு தப்பினாலும் அந்த ஜன்னலோர மூலை என் தையல் மெஷினுக்கு."

இரண்டாவது முறை ஊசி இறங்கியது. பாட்டு எழுந்தது.

"குட்டை."

"சரி!"

"சார், உங்களுது காது இல்ல சார், மைக்!" என்று தாடி கைதட்டினார்.

லென்ஸ் கண்கட்டை அவிழ்த்தார். "என் காதைப் புகழ்ந்தா உங்களுக்கு எவ்வளவு கமிஷன்? கொஞ்சம் பால்கனியில நில்லுங்க."

மனைவி பக்கம் திரும்பினார். "நீ ஏன் இவ்வளவு வேகமா சரிங்கிறே?"

"சரியா இருந்தா சரின்னுதானே சொல்லணும்? ஆரத்தி எடுத்துட்டா சொல்லணும்?"

"நீயும் சமையலறைக்குப் போ. அத்தை! நீங்க வந்து ஊசியை இறக்குங்க."

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். "எனக்கெதுக்கு மாப்பிள்ளை இந்த வம்பு?"

லென்ஸ் கண்ணை மறுபடி கட்டிக்கொண்டார். மூன்றாவது முறை.

"குட்டை."

"சரிதான் மாப்பிள்ளை."

"அத்தை, உங்க வளையல் சத்தம் ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு மாதிரி கேக்குது. எனக்குத் துப்பு குடுக்கிறீங்க. கழட்டுங்க."

"வளையல் போதுமா, பல்செட்டையும் கழட்டணுமா?"

"எந்தக் கைன்னு முன்னாடியே பேப்பர்ல எழுதிட்டு, அப்புறம் இறக்குங்க."

நான்காவது முறை.

"மறுபடியும் குட்டை."

காகிதத்தை வாங்கிப் பார்த்தார். 'குட்டை' என்றுதான் இருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். எழுத்து இழுபட்டது.

"மை காயலை. நான் சொன்னப்புறம் எழுதியிருக்கீங்க!"

"எழுதி ஒரு நிமிஷம்கூட ஆகலையே. உட்கார்ந்து ஊதிக்கிட்டா இருப்பேன்?"

இனி யாரையும் நம்புவதற்கில்லை. ஐந்தாவது முறைக்கு மூன்று பேரையும் கூடத்துக்கே கூப்பிட்டார் லென்ஸ். மாமியாரை மெக்கானிக் கண்காணிக்க வேண்டும். மெக்கானிக்கை மனைவி கண்காணிக்க வேண்டும்.

"என்னை?" என்றாள் மனைவி.

"உன்னைத்தான் யார் பாக்கிறதுன்னு யோசிக்கிறேன்."

ஊசி இறங்கியது. கண்கட்டுக்குள் ஒரு நொடி அமைதி. பாடகி முதல் சொல்லுக்கு முன்னால் இழுத்த மூச்சு, பக்கத்தில் நின்று இழுத்த மாதிரி அவர் காதில் விழுந்தது. குட்டைக் கை அந்த மூச்சை விழுங்கிவிடும்.  இதற்காகத்தான் எட்டு மாதம்.

"நீளம்," என்றார் மெதுவாக.

"சரி!" என்றன மூன்று குரல்களும், ஒரே சமயத்தில்.

அதுதான் வினையாயிற்று. லென்ஸ் துள்ளி எழுந்தார்.

"மூணு சாட்சி, ஒரே வார்த்தை, ஒரே நொடி! எரிஞ்ச குடோன் கேஸ் எல்லாம் இப்படித்தான் இருக்கும். மூணு பேரும் பேசி வெச்சுக்கிட்டு என் தலையில கட்டப் பாக்கிறீங்க!"

"சார், சத்தியமா நீங்க..."

"எடுத்துட்டுப் போங்க!"

"அவசரப்படாதீங்க," என்றாள் மனைவி. "நல்லா யோசிச்சுப் பாருங்க. எனக்குப் பூரண சம்மதம்."

அந்தச் 'சம்மதம்' அவர் சந்தேகத்துக்கு முத்திரை குத்தியது. தாடி பெட்டியைக் கட்டினார். அதில் வீட்டுப் பொருள் ஏதும் போகிறதா என்று பார்க்க லென்ஸும் கூடவே படியிறங்கினார். பெட்டியில் நீளமான கை இருந்த பக்கத்தை மட்டும் போகிற போக்கில் ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

கதவு சாத்தியதும் மனைவி தையல் மெஷினை ஜன்னலோரத்துக்கு இழுக்க ஆரம்பித்தாள். மறுமுனையைப் பிடித்த மாமியார் மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"அவர் எதைச் சொன்னாலும் 'சரி'ன்னு மட்டும் சொல்லும்மா, சந்தேகப்பட்டு அவரே வேணாம்னுடுவார்னு சொன்னியே... பொய் சொல்ல மாப்பிள்ளை ஒரு தடவைகூட எனக்கு சான்ஸே குடுக்கலையேடி!"