பூட்டிய பெட்டிக்குள் இருந்த அப்பாவின் போன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு இசைவாணி எழுதுவது,

இங்கு எல்லோரும் சுகம். அப்பா மட்டும் என்னோடு பேசுவதில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அப்பா பெயரில், நாங்கள் வேலைக்குப் போகும் வேனின் வாட்ஸப் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. 'சீசன் போனஸ் வந்தாச்சு, லிங்கைத் தொடுங்க.' அந்த நேரத்தில் அப்பாவின் போன் பட்டாசுக் கம்பெனி கேட்டில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். தீப்பொறி பயத்தில் எல்லோருடைய போனும் அங்கேதான். அப்படியானால் எழுதுவது யார்? காலண்டர் பிரஸ்ஸில் மடித்துக்கொண்டிருந்த தாளைப் போட்டுவிட்டு வீட்டிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். "எவனோ கேட்டான்னு போனுக்கு வந்த நம்பரை உங்கப்பா சொல்லிட்டாக. வெளிய சொல்லாத, மானம் போயிரும்" என்றாள்.

நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். கெடுத்தது நீங்கள். சிங்கப்பூரிலிருந்து நீங்கள் பேசி அனுப்பிய அரை மணி நேரப் பிரசங்கத்தை நம் குடும்பத்தில் நான் ஒருத்திதான் கேட்டேன். கடல் மாதிரி இணையமும் எல்லோருக்கும் பொது, பெரிய நாடுகளுக்குப் பலம் இருக்கு, சின்ன நாடுகளுக்குச் சட்டம்தான் துணை, அதனால்தான் சிங்கப்பூர் ஐ.நா.வில் இணையப் பாதுகாப்புப் பேச்சுக்குத் தலைமை தாங்குச்சு, எஸ்டோனியாங்கற குட்டி நாடு இணையத்தில் அடி வாங்கினதை மறைக்காம சொல்லி மத்த நாடுகளையும் உஷாராக்குச்சு என்றீர்கள். எங்கள் வேனில் எஸ்டோனியா நான்தானே.

'தொடாதீங்க' என்று குரூப்பில் போட்டேன். அப்பா பெயரில் இருந்த திருடன், 'மகளே, வேலையைப் பார்' என்றான். அதற்கு டிரைவர் முனியராஜ் அண்ணன் கைதட்டல் படம் போட்டார். சாயங்காலம் போனைக் கையில் வாங்கியதும் அத்தனை பேரும் தொட்டுவிடுவார்களே என்று பஸ் ஏறிப் போய்க் கேட்டில் நின்றேன். போன் பெட்டியை மறித்துக்கொண்டேன்.

"ஏட்டி, வாயில முத்தா வச்சிருக்க?" என்றாள் அப்பாவோடு வேலை பார்க்கும் அய்யம்மாள் அத்தை.

"எங்கப்பா ஏமாந்துட்டாக. குரூப்ல பேசுறது அவுக இல்ல. யாரும் தொடாதீக."

அப்பா வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எங்கள் வேனில் வரும் சண்முகத்தாய் அக்கா மெதுவாக, "எனக்கும் அந்த ஆள் பேசுனான், நானும் நம்பரைச் சொல்லிட்டேன். வெக்கத்துல மறைச்சேன்" என்றாள். யாரும் தொடவில்லை. ஆனால் வீட்டில் அம்மா எனக்குச் சோறு போட்டது முறைப்போடுதான். தயவுசெய்து இனி உலக விஷயம் எதுவும் அனுப்பாதீர்கள்.

சித்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. வெம்பக்கோட்டை அணை போல உங்கள் மனசு நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
இசைவாணி

பி.கு.: நேற்றிலிருந்து உங்கள் நம்பரிலிருந்து ஊரில் எல்லோருக்கும் 'சிங்கப்பூர் தங்கக்காசு இலவசம்' என்று வருகிறது. அதனால்தான் கடிதம். சித்தப்பாவும் ஏமாந்துட்டாக என்று வேனில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.