மாப்பிள்ளை அனுப்பிய பாதாம் மாவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும், நான் இன்னும் கையில் வாங்காத பேத்தியும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

முதலில் நன்றி. நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று, "கேக் சுடுறவனுக்கா என் பொண்ணு?" என்று உங்கள் காதில் விழும்படியே கேட்டவன் நான். அதை மனதில் வைக்காமல் பாதாம் மாவு, தேங்காய் மாவு, கோகோ, சர்க்கரைக்குப் பதிலான வெள்ளைத் தூள் எல்லாம் கட்டி, செய்முறையும் எழுதி அனுப்பினீர்களே, அந்த மனசு யாருக்கு வரும்? "அஞ்சு கிலோ குறைஞ்சாத்தான் இந்த முட்டியோட மாடி ஏறலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் இருப்பதோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. குழந்தையைக் கீழே கொண்டுவருகிறோம் என்றீர்கள். தாத்தா வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்புவதா, ஏறித்தான் வருவேன் என்று வீம்பு பிடித்தேன்.

பார்சல் ஆபீஸில் பெட்டியை வாங்கிய கையோடு எதிரே இருந்த மருந்துக்கடை எடை மெஷினில் ஏறினேன். எண்பத்தேழு. அன்றே பிஸ்கட்டில் இறங்கினேன். முதல் தட்டு கஞ்சியாக ஓடியது, இரண்டாவதும் ஓடியது, மூன்றாவதை உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "கிண்ணத்தோட சேர்த்தா மாவ நிறுத்தீங்க?" என்றாளே பார்க்கணும், எனக்கு மானமே போச்சு, எடைமேடையில் முப்பது வருஷம் காலி லாரியின் எடையைக் கழித்தே எழுதினவன் ஒரு கிண்ணத்தைக் கழிக்க மறந்துட்டேன். அப்புறம் சீஸ் வறுவல். அது காகிதத்தோட ஒட்டிக்கிச்சு, காகிதத்தையும் கொஞ்சம் தின்னேன். தேங்காய் எண்ணெயில் கோகோ உருண்டை பிரமாதமா வந்தது, நாலு பேருக்குக் கொடுப்போம்னு சட்டைப் பையில் போட்டுப் பூங்காவுக்குப் போனால் வெயிலில் உருகி வயிறு வரைக்கும் வழிஞ்சிடுச்சு. ரத்தம்னு நினைச்சு ஒருத்தர் ஆம்புலன்ஸைக் கூப்பிடவே போயிட்டார்! அந்த வெள்ளைத் தூள் மட்டும் என்ன மாயமோ, நாக்கில் ஃபேன் போட்ட மாதிரி ஜில்லென்று இருக்கிறது.

இத்தனைக்கும் பலன் கைமேல். இன்று அதே மெஷினில் எண்பத்திரண்டு! சரியாக ஐந்து கிலோ. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நான் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற மாடிக்கு மாடி போட்டு வைத்திருப்பதாக மகள் சொன்ன நாற்காலிகளை எடுத்துவிடுங்கள், அவமானமாக இருக்கிறது. நானே ஒரு பிள்ளையைப் பெற்றிருந்தாலும் அவன் இவ்வளவு செய்திருக்க மாட்டான்.

மூவரும் நோய்நொடி இல்லாமல், அடுப்பும் மனசும் சூடு குறையாமல் வாழ வேண்டும்.

உங்கள் அன்பு மாமனார்.

பின்குறிப்பு: கடிதத்தை உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். நேரே போய் நீங்கள் அனுப்பிய பழைய பார்சல் பெட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் 'ஐந்து கிலோ' என்று இருந்தது. "அன்னிக்கு மெஷின்ல இதக் கட்டிப்புடிச்சிக்கிட்டுதானே நின்னீங்க? கீழ வச்சா யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு!" என்றாள். முப்பது வருஷ சர்வீஸ், மாப்பிள்ளை! ஞாயிற்றுக்கிழமை வருவதில் மாற்றமில்லை. பிஸ்கட்டும் கொண்டுவருகிறேன். அந்த நாற்காலிகளில் ஒன்றை மட்டும் கீழே வாசலில் போடுங்கள். குழந்தையைக் கீழேயே கொண்டு வாங்க. உட்கார்ந்து வாங்கிக்கிறேன்.